மேற்கே பார்த்த கிண்ணம்

என் கணவர் கட்டியதை ஊர்க்காரர்கள் கடைசிவரை தண்ணீர்த் தொட்டி என்றுதான் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வருஷா வருஷம் மழை ஏமாற்றிக்கொண்டிருந்த காலம் அது. நல்லம்பள்ளிக்கு மேற்கே ஒரு கரட்டுச் சரிவில் லாரியில் செங்கல்லும் சிமெண்டும் வந்து இறங்குகிறது. உள்ளூர்க் கொத்தனார்களே முப்பது அடி அகலத்துக்கு வட்டமாகக் குடைந்து, கிண்ணம் மாதிரி வழித்துப் பூசுகிறார்கள். வாளி போட்டால் தரை தட்டுகிற கிணறுகளை வைத்துக்கொண்டிருந்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

கிண்ணத்தின் கீழ்விளிம்பில் கொத்தனார் வடிகாலுக்கு ஓட்டை வைத்ததைப் பார்த்த அன்றுதான் ஊருக்குக் கோபம் வந்தது. கிண்ணத்துக்குக் காவலிருந்த வாட்ச்மேனின் மனைவி, களை வெட்டப் போகும் தெலுங்குக்காரப் பெண், நேராக அவரிடமே வந்து கேட்டாள்.

"தண்ணி எப்பங்க வுடுவீங்க? ஓட்ட போட்டா எப்டிங்க நிக்கும்?"

"இது தண்ணிக்கு இல்லம்மா. மானத்துல இருந்து வர்றத வாங்கறதுக்கு."

"மானத்துல இருந்து வர்றது மழ தானுங்களே சார்."

அவர் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடம் தண்ணீருக்கு அரை மைல் நடந்துவிட்டு வந்தவளுக்கு எப்படி வரும்?

நான் கணக்கு டீச்சர். கடத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. அவர் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தார். அறுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. மறுவீட்டுக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது, புதுப் பெண்டாட்டியிடம் பேச வேறு விஷயமே அகப்படாத மாதிரி, ஏரியலைத் திருப்பாமல் அதன் பார்வையை மட்டும் திருப்புவது எப்படி என்று விளக்க ஆரம்பித்தார். மல்லிகைப்பூவும் பட்டுப்புடவையும் வியர்த்து வழிய நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு எப்படிக் காலம் தள்ளப் போகிறோம் என்று எனக்கு உள்ளூரக் கவலையாகிவிட்டது.

ஆனால் அவர் சொன்னது புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கடலைக்காட்டில் பெண்கள் வரிசையாகக் களை வெட்டிக்கொண்டு போனார்கள். "அந்த வரிசையப் பாரு. எல்லாரும் ஒரே வேகத்துல போனா வரிசை நேரா போகும். தெக்கால கடைசில இருக்கறவ கொஞ்சம் முந்தி, அவளுக்குப் பக்கத்துல இருக்கறவ அதவிடக் கொஞ்சம் பிந்தி, இப்படியே போனா என்ன ஆகும்? வரிசையே சாஞ்சு வேற பக்கம் பாக்கும். ஆளு யாரும் திரும்பல. வரிசை திரும்பிடுச்சு" என்றார். பல சின்ன ஏரியல்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் வாங்குவதை ஒரு நொடியின் துளியிலும் துளியளவு முன்னே பின்னே தள்ளிச் சேர்த்தால் அதேதான் நடக்கும். ஒயரை நீட்டினால் தாமதம், குறைத்தால் சீக்கிரம். எந்த ஒயர் வழியாக வரவேண்டும் என்பதை ஒரு பலகையில் இருக்கும் சுவிட்சுகள் தீர்மானிக்கும். இரும்பில் ஒரு துண்டும் அசையாது. பார்வை மட்டும் வானத்தில் நகரும்.

இதை அவர் ஏன் பிடித்துக்கொண்டு தொங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வானத்தைப் பார்க்க வைக்கும் பெரிய தட்டு ஏரியல்களைத் திருப்ப மோட்டாரும் பல்சக்கரமும் வேண்டும். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சாமான். அவருடைய ஆராய்ச்சிக் கூடத்திலேயே மோட்டார்க்காரர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. காசும் மரியாதையும் அவர்களுக்குத்தான். இவர் சொன்னது வேறு. தட்டே வேண்டாம், மண்ணில் கிண்ணம் குடைந்து கொத்தனாரை விட்டுப் பூசிக் கம்பிவலை விரித்தால் போதும், அது திரும்பாது, திரும்பவும் வேண்டாம், நடுவில் தொங்கும் சின்ன ஏரியல்கள் பார்த்துக்கொள்ளும். இப்படிச் செய்தால் நம்மைப் போன்ற வறண்ட ஜில்லாக்கள் ஒவ்வொன்றிலும் சாட்டிலைட் அலையை வாங்க ஒரு நிலையம் வைக்கலாம் என்பார். வருஷக்கணக்கில் கெஞ்சி, ஒரே ஒரு கிண்ணத்துக்கு அனுமதி வாங்கினார். ஒரு கமிட்டி வந்து பார்க்கும்; அவர்கள் கண்முன் பார்வையைத் திருப்பிக் காட்டினால் நிலையம் தொடரும். காட்டாவிட்டால் மூடிவிட்டுப் போய் மோட்டார்க்காரர்களுக்குக் கீழே, தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கும் பின்னால் நிற்க வேண்டும். இதுதான் பேச்சு. சொந்த ஊர் நல்லம்பள்ளிப் பக்கம் என்பதால் இடத்தை இங்கே கேட்டு வாங்கினார். சொந்த ஊரில் தோற்பதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

எழுபதுகளின் நடுவில் அந்தச் சாட்டிலைட் வந்தது. அமெரிக்காக்காரர்களுடையது. ஒரு வருஷத்துக்கு மட்டும் நம் நாட்டுக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு மேலே நிறுத்தியிருந்ததால் நமக்கு அது மேற்கு வானத்தில், பிற்பகல் சூரியன் இருக்கிற உயரத்தில் இருந்தது. கிண்ணம் மேற்கே பார்த்திருந்ததும் அதனால்தான். பெயருக்குத்தான் ஒரே இடத்தில் நிற்கும். உண்மையில் அங்கேயும் இங்கேயும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தின் பின்னாலேயே பார்வை போக வேண்டும்.

கிண்ணத்தின் விளிம்பிலிருந்து மூன்று இரும்புக் கால்கள் எழும்பி மேலே ஒரு வளையத்தில் கூடின. வளையத்தில், கிண்ணத்தில் பட்டு மேலே எழும்பும் சாட்டிலைட் அலைகளை வாங்க ஏழு சின்ன ஏரியல்கள், நடுவில் ஒன்றும் சுற்றி ஆறும். அவற்றைச் செய்தவர் தர்மபுரி டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய். என் கணவர் கணக்குப் போட்டுக் கொடுப்பார், பாய் தகரத்தை வெட்டி ஈயம் பற்ற வைப்பார், சரியாக வரவில்லை என்றால் இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு டீ குடிப்பார்கள். நடுவில் இருந்த ஏரியல்தான் முதலில் செய்தது, முதலில் வேலை செய்ததும் அதுதான். வேலையாட்கள் அதற்குப் பிள்ளையார் என்று பெயர் வைத்தார்கள். பாயும் அப்படியேதான் சொல்வார். பனியும் மழையும் படாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள். பிளாஸ்டிக்கை அந்த அலைகள் கண்டுகொள்ளாதாம்.

முதல் நாள் சாயங்காலம் படம் வந்தபோது ஊரே சரிவில் உட்கார்ந்திருந்தது. டெலிவிஷன் என்ற ஒன்றை அதற்குமுன் அங்கே யாரும் பார்த்ததில்லை. வந்ததோ தெலுங்கு நிகழ்ச்சி, ஆந்திராக்காரர்களுக்காக அனுப்பியது. வாட்ச்மேன் மனைவிக்கு அன்று ராஜ மரியாதை. ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நெற்பயிருக்கு வாய்க்கால் தண்ணீரை எப்போது கட்டுவது, எப்போது வடிப்பது என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். வடிப்பது என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். கூட்டத்தில் யாரோ, அந்தத் தண்ணியை இந்தப் பக்கம் வடிக்கச் சொல்லு என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. யாருக்காக இவர் உயிரை விடுகிறாரோ அவர்களுக்கு இவர் கொண்டுவந்து காட்டியது பக்கத்து மாநிலத்தின் வாய்க்காலைத்தான்.

புரட்டாசி பிறந்த சமயம் ஒரு நாள் பிற்பகல் என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை, பள்ளி அரை நாள். இன்றைக்குச் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேராக வரும், வந்து பார் என்றார். சூரியனிடமிருந்தும் அந்த அலைகள் வருமாம். வருஷத்தில் இரண்டே சமயம்தான், புரட்டாசியிலும் மாசிக் கடைசியிலும், அது கிண்ணத்துக்கு நேர் எதிரே கடந்து போகும். கிண்ணத்தின் நட்டநடுவில் கொத்தனார் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்திருந்தார். மேலே இருக்கும் வளையத்தின் நிழல் மெல்ல ஏறி வந்து அந்தப் பொட்டில் விழுந்தது. பாய் பக்கத்தில் மீட்டரை வைத்திருந்தார். ஊசி எழும்பி நின்றது.

"இப்ப பாரு" என்றார் என்னிடம். நிழல் பொட்டை விட்டு நகர்ந்தது. சூரியன் போய்க்கொண்டிருக்கிறது, கிண்ணம் அப்படியே கிடக்கிறது, அப்படியானால் ஊசி இறங்க வேண்டும். இவர் பலகையில் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஊசி இறங்கவில்லை. நிழல் கையகலத் தூரம், இரண்டு கையகலத் தூரம் போய்விட்டது, ஊசி அப்படியே நிற்கிறது. அசையாத ஒன்று சூரியனைத் துரத்திக்கொண்டு போவதை என் கண்ணால் பார்த்தேன். கடைசியில் ஊசி விழுந்ததும் ஓடிப்போய், அந்த நேரத்தில் நிழல் இருந்த இடத்தில் என் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அங்கே இருந்தது நானும் பாயும்தான். கமிட்டி தை மாதம் வருவதாக இருந்தது.

அதன்பின் ஆயுத பூஜை வந்தது. லேத்துப் பட்டறையிலிருந்து பஸ் டிப்போ வரைக்கும் அன்று எல்லாவற்றுக்கும் பூஜை உண்டு. கிண்ணத்துக்கு மட்டும் இல்லை என்றால் வேலையாட்கள் விடுவார்களா? என் கணவருக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் மனசும் கிடையாது. வாழைக்கன்று கட்டினார்கள், பூசணிக்காய் வாங்கினார்கள். டவுனிலிருந்து கலர் காகிதமும் ஜிகினாவும் வந்தது. பக்கெட்டுகளைக் கழற்றி ஒவ்வொரு ஏரியலுக்கும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, ஜிகினாவில் நட்சத்திரம் வெட்டி நூலில் கோத்துத் தொங்கவிட்டார்கள். பிள்ளையாருக்கு மட்டும் சாரேதான் பொட்டு வைக்கணும் என்று எல்லாரும் பிடிவாதம். அவரும் ஏணியில் ஏறி வைத்தார். பாய் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். பொரிகடலை தின்றோம். நல்ல நாளாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் மறுபூஜை முடிந்து அலங்காரத்தைக் கழற்றினார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் மூடிவிட வேண்டும் என்ற அவசரம். பக்கெட்டுகளைத் திரும்பக் கவிழ்த்து விளிம்பெல்லாம் தாரை உருக்கி அடைத்தார்கள். அந்த வருஷ மழையும் பெயருக்குத் தூறிவிட்டுப் போனது. அது வேறு கதை.

அந்த வாரத்திலிருந்து கிண்ணம் பைத்தியம் பிடித்ததுபோல் ஆயிற்று. நேராகப் பார்த்தால் படம் சுமாராக வரும். பார்வையைச் சாய்த்தால் ஒரு நாள் வரும், மறுநாள் வராது. காலையில் சரிசெய்ததெல்லாம் சாயங்காலம் கெட்டுப்போகும். காற்று அடித்தால் இன்னும் மோசம். தார் உள்ளே இறங்கிவிட்டதோ என்று சுரண்டினார். ஈரமோ என்று பார்த்தார். ஒயர்களை எல்லாம் புதிதாக வெட்டினார். இரும்புக் கால்கள் அதிர்கின்றனவோ என்று கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். பாய் தன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கேயே கிடந்தார்.

ஆறு பக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். நடுவில் இருந்ததை மட்டும் திறக்கவில்லை. ஏனென்றால் மற்ற ஆறையும் அதை வைத்துத்தான் அளந்தார்கள். அதற்கு ஒவ்வொன்றும் எவ்வளவு முந்தி, எவ்வளவு பிந்தி என்பதுதான் கணக்கே. கணக்கு டீச்சரான எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஏதாவது ஒன்றை நிலையென்று வைத்துக்கொண்டால்தானே மற்றதை அளக்க முடியும்? ஒவ்வொரு நாளும் ஆறும் வேறு வேறு மாதிரி தப்பாக இருந்தன. "பிள்ளையார் சரியாத்தான் இருக்காரு சார். இதுங்கதான் ஆடுதுங்க" என்று பாய் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

என் கணவர் சாப்பாட்டைக் குறைத்தார். பேச்சைக் குறைத்தார். புரட்டாசியில் பார்த்தது தற்செயலாக அமைந்ததாக இருக்குமோ என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார். நான் எரிந்து விழுந்தேன். கண்ணால் பார்த்ததைத் தற்செயல் என்று சொல்ல உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

தை மாதம் கமிட்டி வந்தது. ஜீப்பில் நாலைந்து பேர். வரும் வழியில் ஒகேனக்கல் போய்க் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள். ஜீப்பெல்லாம் அந்த மணம். தலைவராக வந்தவர் நல்ல மனுஷர்தான், அதைச் சொல்ல வேண்டும். கிண்ணத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இதுல எது திரும்பும்?" என்று கேட்டார்.

"எதுவும் திரும்பாதுங்க சார். அதுதான் விஷயமே."

தலைவர் புன்னகைத்தார். அவருடன் வந்த ஒருவர் வேறு பக்கம் திரும்பி இருமினார். மோட்டார் தட்டு திரும்பும்போது பூமியே அதிர்கிற மாதிரி உறுமுமாம். வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்களாம். இங்கே பார்க்க என்ன இருக்கிறது? சரிவோடு ஒட்டிய ஒரு குழி, ஏழு பக்கெட், ஒரு டெலிவிஷன் பெட்டி.

அன்று காலை பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில் இவர் பார்வையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். படம் போனது, வந்தது, சொன்னபடி கேட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கடத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது காற்று எழும்பியிருந்தது. கமிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. ஊர் பின்னால் நிற்கிறது. இவர் சுவிட்சைத் தள்ளினார். படம் போய்ப் பெட்டி முழுக்கப் புள்ளியாகக் கொட்டியது. பார்வை சாட்டிலைட்டை விட்டு விலகியதால் அது போகத்தான் வேண்டும். திருப்பிக் கொண்டுவருவதற்குத் தள்ளினார். வரவில்லை. மறுபடி தள்ளினார். ஒரு முகம் பாதி தெரிந்து கிழிந்து போனது. இருட்டும்வரை தள்ளிக்கொண்டே இருந்தார். வாட்ச்மேன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்கவில்லை என்றால் நான் போய் அந்தப் பெட்டியை உடைத்திருப்பேன்.

தலைவர் இவர் தோளில் தட்டி, யோசனை நல்ல யோசனை என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சாட்டிலைட் இருக்கும்வரை நிலையம் இருக்கலாம், அது போனதும் மூடிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாசிக் கடைசியில் சூரியன் நேராக வந்தபோது இவரும் பாயும் மறுபடி முயன்றார்கள். அன்றைக்கும் காற்று. ஊசி ஆடிக்கொண்டே இருந்தது. எழும்பியதா விழுந்ததா என்று சொல்ல முடியவில்லை. ஆடியில் இரவல் கெடு முடிந்து சாட்டிலைட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் சாயங்காலம் படம் வந்தது, மறுநாள் வரவில்லை. ஊர்க்காரர்கள் ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஆவணியில் பெங்களூரிலிருந்து லாரி வந்தது, சாமான்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போக. நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். பாய் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே கொடுத்தார். நடுவில் இருந்த பக்கெட்டைக் கீழே வைத்து, தாரைச் சூடு காட்டி நெம்பித் திறந்தார்கள். உள்ளே பிள்ளையாரின் பின்புறம் ஒரு நூல் தொங்கியது. நூலின் நுனியில் ஒரு ஜிகினா நட்சத்திரம். போன வருஷம் ஆயுத பூஜைக்குக் கட்டியது. காய்ந்த சந்தனத்தில் நூல் ஒட்டிக்கொண்டதால் அலங்காரம் கழற்றும்போது வராமல் நின்றுவிட்டது.

பாய் ஊதினார். நட்சத்திரம் ஆடியது. அப்புறம் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ஜிகினா என்றால் தகடு. அந்த அலைகளுக்குத் தகடு ஆகாது. காற்று அடித்து இரும்புக் கால் அதிரும்போதெல்லாம் அது உள்ளே ஊசலாடியிருக்கிறது. அசையவே கூடாத இடத்தில், எதை வைத்து எல்லாவற்றையும் அளந்தார்களோ அதற்குள்ளேயே, அசைந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். ஆறும் ஆடவில்லை. அளவுகோல்தான் ஆடியிருக்கிறது.

என் கணவர் நட்சத்திரத்தைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அழவும் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை. அந்தச் சந்தனப் பொட்டை வைத்தவர் அவர்தானே, யாரைத் திட்டுவார்? "இதுவாவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார்.

"இதுதானுங்க. இது இல்லாம வேற என்னாங்க?" என்றேன்.

"மேல ஒண்ணு இருந்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிடும்" என்றார்.

மேலே சாட்டிலைட் இல்லை. ஆனால் புரட்டாசி வரும், சூரியன் வரும். அவர் அன்றே நல்லம்பள்ளிப் போஸ்டாபீசுக்குப் போய் பெங்களூருக்கு டிரங்கால் போட்டார். நானும் கூடவே போனேன். ஒரு மாதம் விட்டுவையுங்கள், சூரியனை வைத்துக் காட்டுகிறேன், கமிட்டி வராவிட்டால் ஒரே ஒருவரை அனுப்புங்கள் என்றார். போன் கூண்டுக்குள் நின்று கத்திக் கத்திப் பேசினார். காரணம் என்ன என்று கேட்டிருப்பார்கள். ஜிகினா என்றார். மறுமுனையில் கேட்கவில்லை போலிருக்கிறது. ஜிகினா, ஜிகினா, பூஜைக்குக் கட்டுகிற ஜிகினா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தபால் ஆபீஸில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அவமானப்பட்டதற்காக என் மேலேயே வெறுப்பாகவும் இருந்தது. வெளியே வந்தவர், லாரி இன்றைக்கே கிளம்ப வேண்டுமாம் என்று மட்டும் சொன்னார்.

மாலையில் லாரி போனது. இரும்புக் கால்களைச் செங்கல்லில் பதித்துக் கட்டியிருந்ததால் அவற்றைப் பிடுங்க முடியவில்லை. கால்களும் மேலே வெறும் வளையமும் அப்படியே நின்றன. அவருக்குப் பெங்களூரில் சேரச் சொல்லி ஆர்டர் வந்தது, மோட்டார்க்காரர்களிடம்தான். புரட்டாசி வரை லீவு கேட்டு வாங்கினார்.

சூரியன் நேராக வரும் அந்த நாள் வந்தது. வெயில் சுட்டது, துளி காற்று இல்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். கிண்ணத்தில் கம்பிவலை அங்கங்கே கிழிந்து கிடந்தது. கீழ்விளிம்பில் இருந்த வடிகால் ஓட்டையை யாரோ களிமண் வைத்து நன்றாக அடைத்திருந்தார்கள். மழை வந்தால் நிற்கட்டும் என்றுதான். அவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டார்.

வெறும் வளையத்தின் நிழல் ஏறி வந்து சிவப்புப் பொட்டைச் சுற்றி விழுந்தது.

"இப்ப" என்றார்.

அளக்க எதுவும் இல்லை. மீட்டர் இல்லை, சுவிட்சு இல்லை, பாயும் இல்லை. அவரைக் கூப்பிட இவருக்கு மனசு வரவில்லை. நிழல் பொட்டை விட்டு நகர்ந்தது. அவர் உள்ளே இறங்கி, நிழலின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு, அது போகப் போகக் கூடவே விரலையும் நகர்த்திக்கொண்டு போனார். போன வருஷம் சாக்பீஸில் கோடு போட்ட இடம் வந்தது. கோடு எப்போதோ அழிந்துபோயிருந்தது. இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே விரலை நிறுத்தினார். நிழல் விரலைத் தாண்டிப் போனது.

"இங்க வரைக்கும் புடிச்சுது. நீ பாத்தல்ல?"

"பாத்தனுங்க."

"நல்லா பாத்தல்ல?"

"நல்லா பாத்தனுங்க."

தலையை ஆட்டினார். அப்புறமும் குத்துக்காலிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப்பின் பல வருஷம் இருந்தார், மோட்டார்க்காரர்களுக்குக் கீழே வேலை பார்த்து ரிட்டையராகிச் செத்தும் போனார். இந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பார்த்தேன் என்று நான் சொன்னது பொய்யில்லை. நிழல் நகர்ந்த பிறகும் ஊசி நின்றதை நான் பார்த்தேன். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. நான் பார்த்ததை வைத்துக்கொண்டு அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.